துணைக்கு ஒரு ஆபரேஷன்

போன மாதம் என் ரத்த அழுத்தத்தைக் காட்ட ஓர் இளம் மருத்துவரிடம் போயிருந்தேன். "உப்பைக் குறைச்சுட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். "குறைச்சுட்டேன் சார்" என்றேன். காலையில் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட மாங்காய் ஊறுகாயின் எண்ணெய் அப்போதும் என் நகக்கண்ணில் மஞ்சளாக இருந்தது. அந்தக் கையை மெதுவாகக் கைப்பைக்கு அடியில் கொண்டுபோனேன். டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பாதிப் பேரை அதட்டிய செவிலியர் நான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்ததும் மீதிப் பாதியோடு சேர்ந்துவிட்டேன்.

வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நரம்பு தேடுவதையும் டிரிப் மாட்டுவதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் விரல்கள் என் விரல்களைவிட நன்றாகவே வேலை செய்யும். நோயாளியைப் பேசவைப்பது எப்படி என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை. அதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. கதை என்னுடையது அல்ல, மலர்க்கொடியுடையது. நான் அதில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மட்டுமே.

நம் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு, சீக்கிரமே பார்ப்பீர்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது நோயாளியோடு ஒரு பேச்சாளரும் வருவார். வீட்டில் யாருக்கு நன்றாகப் பேச வருமோ அவர்தான் வருவார். கரும்பு ஆலையில் லாரி கேட்டுச் சண்டை போட்டவர், பம்ப்செட்டுக்கு மின் இணைப்பு வாங்கியவர், பெண் பார்க்கப் போன இடத்தில் முதலில் வாயைத் திறந்தவர். நோயாளி பக்கத்தில் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார். இவர் அர்ச்சகர் மாதிரி எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வார். பேச்சுத் திறமை உள்ளவர்களிடம் ஒரு கோளாறு என்னவென்றால், உள்ளது உள்ளபடி சொன்னால் அவர்களுக்கு ருசிக்காது.

கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து வந்த சேகர் அப்படிப்பட்ட ஒரு பேச்சாளர். அண்ணன் தம்பி இருவரும் கூட்டுக் குடும்பம். கோமுகி வாய்க்கால் பாசனத்தில் கரும்பு. சேகர் தம்பி. ஒரு நாள் மத்தியானம் இரண்டு பெண்களையும், ஒரு கேஸ் அடுப்பையும், குக்கரையும், சுருட்டிய பாயையும் வாடகை ஆட்டோவிலிருந்து இறக்கினார். இரண்டு பெண்களில் ஒருத்தி அண்ணன் மனைவி அஞ்சலை. இன்னொருத்தி சேகரின் மனைவி மலர்க்கொடி. இரண்டு பேருக்கும் மறுநாள் காலையில் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன்.

"சிஸ்டர், பக்கத்துப் பக்கத்து பெட்டா பாத்துக் குடுங்க. ஒரே ஆளு ரெண்டு பேரையும் பாத்துக்கும். சமையலும் ஒரே சமையலாப் பூடும்" என்றார் சேகர்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாளா?" என்றேன்.

"கரும்புக்கு ஆலைலேர்ந்து வெட்டு உத்தரவு வரதுக்குள்ள முடிச்சிடணுங்க. வண்டியும் ஒண்ணுதான் பேசிகினு வந்தோம். அண்ணிக்கு எப்படியும் பண்ணணும். இவளுக்கும் அதே தொந்தரவுதான். தனியா ஒரு தபா எதுக்கு அலையணும்?"

நான் மலர்க்கொடியைப் பார்த்துக் கேட்டேன். "உங்களுக்கு என்னம்மா பண்ணுது?"

"ரத்தப்போக்கு ஜாஸ்திங்க. அடிவயித்துல வலி" என்றார் சேகர்.

"அவங்களைக் கேட்டேன்."

"அவ சொன்னாலும் இதத்தாங்க சொல்லுவா."

மலர்க்கொடி ஆமாம் என்று தலையாட்டினாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். கண்ணின் கீழ்இமையைப் பிடித்துப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது. பரிசோதனையிலும் ரத்தம் குறைவு என்றுதான் இருந்தது. ஆனால் ஆபரேஷனைத் தள்ளிவைக்கும் அளவுக்கு இல்லை. ஸ்கேனில் ஒரு சின்னக் கட்டி. இவ்வளவுக்கு எதற்கு ஆபரேஷன் என்று கேஸ் ஷீட்டைப் புரட்டினால் பதில் இருந்தது: நீண்ட நாளாக ரத்தப்போக்கு, மாத்திரைகள் கொடுத்தும் பலன் இல்லை. எங்கள் வார்டு டாக்டரம்மா அவசரக்காரர் அல்ல. மாத்திரை கேட்காதவர்களுக்குத்தான் கத்தியை எடுப்பார்.

முதல் சோதனை இங்கேதான் வரும். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறது, கையெழுத்துகளும் விழுந்துவிட்டன, ஆபரேஷன் தியேட்டர் பட்டியலும் ஒட்டியாகிவிட்டது. இனி நமக்கு என்ன என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் மருத்துவ அறிவு ஒன்றும் இல்லை. அந்த வாசகத்தில் சேகரின் குரல் கேட்டது, அவ்வளவுதான்.

பேச்சாளர்களை அப்புறப்படுத்துவதற்கு என்னிடம் ஒரு நம்பகமான வழி இருந்தது: எங்கள் மருந்துக்கடை வரிசை. அந்த வரிசை எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த உண்மைகளை வேறெந்தக் கருவியும் கொடுத்ததில்லை. மறுநாளைக்குத் தேவையான பஞ்சு, பிளாஸ்திரி, கையுறை எல்லாவற்றையும் சொல்லி சேகரை அங்கே அனுப்பினேன். அவர் படியிறங்கும்வரை காத்திருந்துவிட்டு மலர்க்கொடியின் கட்டில் ஓரத்தில் நின்றேன்.

"என்னென்ன மாத்திரை போட்டீங்க?"

"நா இன்னா போட்டேன்? ஒண்ணும் போடலியே சிஸ்டர்."

"ரத்தப்போக்குக்குப் போட்டும் கேக்கலைன்னு எழுதியிருக்கே?"

"அது அக்கா போட்டதுங்க. மூணு கலர்ல போட்டுகினு இருந்தாங்க." பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். அஞ்சலை கையை உயர்த்தி, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல், "ஆமா சிஸ்டர், நாந்தான்" என்றாள்.

"அப்புறம் எப்படி உங்க வீட்டுக்காரர் டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னார்?"

"அக்காவுதச் சொல்லியிருப்பாருங்க. ஒரே வூடு இல்லீங்களா."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு, ஒரே பம்ப்செட். நோயும் ஒன்றாக இருப்பதுதானே சிக்கனம்? சேகர் பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. மனைவியின் கதையைக் கேட்கும்போது அண்ணியின் கதை நினைவுக்கு வந்திருக்கிறது. அதில் சம்பவங்கள் அதிகம். அதையே எடுத்துச் சொல்லிவிட்டார்.

"சரி, அவர் சொன்னார். நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க? பயமா இல்லையா?"

மலர்க்கொடி போர்வையின் நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அஞ்சலைதான் பொறுக்கமாட்டாமல், "சொல்லேன்டி. சிஸ்டரு இன்னா கடிச்சிடவா போறாங்க?" என்றாள்.

"அக்காவுக்கு ஆபரேஷன் பண்ணா மூணு மாசத்துக்குக் கொடம் தூக்கக் கூடாதாம் சிஸ்டர். குனிஞ்சு மாட்டுக்குத் தீனி வைக்கக் கூடாதாம். கரும்புல காஞ்ச சோகை உரிக்கப் போவக் கூடாதாம். அப்ப அதல்லாம் யாரு பாக்குறது? நாந்தான. எனக்கே இப்ப படுத்தா எழுந்திருக்க முடியல. கண்ண கட்டிகினு வருது. ரெஸ்ட்டுனு கேட்டா யாரு குடுக்குறா? இத எடுத்துகினா எனக்கும் குடுத்துத்தான ஆவணும்?"

நான் வேலையில் இருந்த காலம் முழுக்க விடுப்பு விதிகளைக் கரைத்துக் குடித்தவள். தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, எந்த விடுப்போடு எந்த விடுப்பைச் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமை இலவசமாக வரும் என்பது வரை தெரியும். மலர்க்கொடி வேலை பார்த்த இடத்தில் இருந்தது ஒரே ஒரு விடுப்பு. அதை வாங்க உடம்பிலிருந்து ஒரு உறுப்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டும்.

"அக்காவுக்குத் துணையாவும் இருக்கும்" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள்.

"எனக்குத் துணைக்கு உன்ன வயித்த அறுத்துக்கச் சொன்னனாடி நானு?" என்றாள் அஞ்சலை. அவளுக்கும் இந்தக் கணக்கு அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மா சாயங்கால ரவுண்டுக்கு வர அதிக நேரம் இல்லை. ஓடிப்போய் அவரிடம் நானே சொல்லியிருக்கலாம். மலர்க்கொடி கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன். இதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம், நோயாளியின் வெட்கத்துக்காக அவளைத் தியேட்டருக்கு அனுப்புவது மரியாதை ஆகாது. ஆனால் கல்வராயன் மலையில் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கிருந்த மூத்த சிஸ்டர் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. "நோயாளியோட கதைய நீ போய்ச் சொன்னா அது கம்ப்ளெய்ண்ட். அவங்களே சொன்னாத்தான் அது ஹிஸ்டரி." நான் சொன்னால் என்ன நடக்கும்? டாக்டரம்மா சேகரைக் கூப்பிட்டுக் கேட்பார். சேகர் மறுபடி பேசுவார். அவர் பேசினால் நானே நம்பிவிடுவேன்.

"நான் சொல்லித்தர ஒண்ணும் இல்ல. மாத்திரை போட்டது யாருங்கிறதைச் சொல்லுங்க. எடுக்காம சரிபண்ண வழி இருக்கான்னு கேளுங்க. அவ்வளவுதான்" என்றேன்.

"டாக்டரம்மா கோவிச்சிக்கினா?"

"கோவம் எம்மேலதான் வரும். எனக்கு அது பழக்கம்."

அஞ்சலை எழுந்து உட்கார்ந்து, என் ஸ்டெதாஸ்கோப்பைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். குரலைக் கனமாக்கிக்கொண்டு, "இன்னாமா, இன்னா பண்ணுது ஒனக்கு?" என்றாள். மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது முறை பாதி சொன்னாள். மூன்றாவது முறை முழுதும் சொன்னாள். "எங்க டாக்டரம்மா இவ்வளவு அதட்டமாட்டாங்க" என்று நான் சொன்னதற்கு, "அதட்டுனா பழகட்டுமே" என்றாள் அஞ்சலை. பயிற்சி வகுப்புகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அவளைப் போல் நடத்தியவர் இல்லை.

சேகர் வாங்கிய சாமான்களோடு வந்து சேர்ந்ததும் டாக்டரம்மா உள்ளே நுழைந்ததும் ஒன்றாக நடந்தது.

"என்னம்மா மலர்க்கொடி, தயாரா?"

"ரெடிங்க டாக்டர்" என்றார் சேகர்.

மலர்க்கொடி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பழகியதெல்லாம் பறந்துவிட்டது தெரிந்தது. நானே சொல்லிவிடலாமா என்றிருந்தது. என் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை இருந்தது. அதைச் சேகரின் கையில் சுற்றினேன்.

"எனக்கு எதுக்குங்க?"

"ரத்தம் தேவைப்பட்டா நீங்கதானே குடுக்கணும்? உக்காருங்க. பேசாதீங்க, பேசினா பிரஷர் ஏத்திக் காட்டும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. பேசினால் ஏற்றித்தான் காட்டும். நான் எவ்வளவு மெதுவாகக் காற்றை இறக்கினேன் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

அஞ்சலை பக்கத்துக் கட்டிலிலிருந்து கண்ணாலேயே அதட்டினாள்.

"டாக்டரம்மா," என்றாள் மலர்க்கொடி. "மாத்திர போட்டுகினு இருந்தது நா இல்லீங்க. அக்கா."

டாக்டரம்மா திரும்பினார். "என்னது?"

"நா ஒண்ணுமே போட்டதில்லீங்க. எனக்கு இது இந்த நாலஞ்சு மாசமாத்தான். எடுக்காம சரிபண்ண வழி இருக்குதுங்களா?"

சேகர் எழப்பார்த்தார். "அசையாதீங்க" என்றேன்.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள், எவ்வளவு, எப்போது அதிகம், வலி எங்கே என்று அவர் கேட்கக் கேட்க, மலர்க்கொடி சொன்னாள். முதலில் ஒற்றைச் சொல்லில், பிறகு வாக்கியத்தில், பிறகு நிறுத்த முடியாத வேகத்தில். ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். கேஸ் ஷீட்டில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

"நாளைக்கு உனக்கு ஆபரேஷன் இல்ல. இப்போதைக்கு மாத்திரை போட்டுப் பாப்போம். ரத்தம் ஊறவும் மாத்திரை தரேன். அப்புறம் ஸ்கேன். கேக்கலைன்னா திரும்ப உக்காந்து யோசிப்போம்." என் பக்கம் பார்த்து, "இது எப்ப தெரியும் சிஸ்டர் உங்களுக்கு?" என்றார்.

"மத்தியானம் டாக்டர். அவங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

"சொல்லலைன்னா?"

"நான் சொல்லியிருப்பேன்."

முறைத்தார். ஆனால் பட்டை சேகரின் கையில் எதற்கு இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

நான் பட்டையை அவிழ்த்ததும் சேகர் வெடித்தார். "இன்னாங்க டாக்டர், வண்டியெல்லாம் பேசிட்டோம், ரெண்டு பேருக்கும்னு ஏற்பாடு பண்ணிகினு வந்துட்டோம்!"

"ஏற்பாடு பண்ணிட்டோம்னு கர்ப்பப்பையை எடுக்க முடியாதுப்பா."

எனக்கு அத்தோடு முடிந்தது என்றுதான் பட்டது. மலர்க்கொடிக்கு அது அங்கே முடியவில்லை. அவள் கேட்ட அடுத்த கேள்வியை நாங்கள் யாரும் பழக்கவில்லை.

"டாக்டரம்மா, ரத்தம் கம்மியா இருந்தா கொடம் தூக்கலாங்களா? சோகை உரிக்கலாங்களா?"

"கூடாது. தலை சுத்தி எங்கயாவது விழுந்துடுவ. ரத்தம் ஏறுறவரைக்கும் பாரம் தூக்காத, வெயில்ல நிக்காத."

"அத அவருகிட்ட சொல்லுங்க."

டாக்டரம்மா சேகரிடம் சொன்னார். வார்த்தை மாறாமல், நிறுத்தி, இரண்டு முறை. அந்த அறையில் பேச்சாளருக்கு இருந்த சரியான வேலை அதுதான்: கேட்டுக்கொள்வது.

"அப்ப கொடத்த யாரு தூக்குறது?" என்றார் சேகர், யாரையும் பார்க்காமல்.

"நீயும் உங்க அண்ணனும்தான் தம்பி" என்றாள் அஞ்சலை. "சாமி ஆளுக்கு ரெண்டு கை குடுத்துத்தான அனுப்பியிருக்குது?"

இந்தக் கதையைச் சொன்னால் சிலர், கேள்வி கேட்டால் ஆபரேஷன் ரத்தாகிவிடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அன்று அஞ்சலையும் கேட்டாள். மலர்க்கொடி கேட்டதைப் பார்த்து, "எனக்கும் அப்படி ஒரு வழி இருக்குதுங்களா?" என்றாள். மாத்திரைகளைப் பார்த்தாகிவிட்டது, கட்டி பெரிது, எடுப்பதுதான் நல்லது என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். மறுநாள் அஞ்சலை தியேட்டருக்குப் போனாள். ஆனால் என்ன எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனாள். நல்லபடியாக வீடு திரும்பினாள். பதில் எதுவாக இருந்தாலும், கேட்டுவிட்டுப் போகிறவருக்கும் கேட்காமல் போகிறவருக்கும் ஸ்ட்ரெச்சரில் படுக்கும் விதமே வேறாக இருக்கும். நீங்களே பார்ப்பீர்கள்.

மலர்க்கொடி அதற்குப் பிறகு டவுன் பஸ் ஏறித் தனியாகவே வந்துபோனாள். ஒரு மாத்திரை வாந்தி எடுக்கவைக்கிறது என்று போன் செய்து மாற்றிக்கொண்டாள். ரத்தப்போக்கு குறைந்தது, ஸ்கேனில் கட்டி வளரவில்லை, முகத்தில் நிறம் வந்தது. அண்ணன் தம்பி இருவரும் தண்ணீர் எடுப்பதாகவும், பால் கறக்கப்போன சேகரை மாடு உதைத்ததாகவும், அதன் பிறகு மாட்டிடம் மட்டும் அவர் மரியாதையாகப் பேசுவதாகவும் சொன்னாள்.

சேகரின் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று பட்டை சுற்றிப் பார்த்தபோது அவருடைய அழுத்தம் உண்மையிலேயே அதிகமாக இருந்தது. பேச்சாளர் பேசாமல் இருந்ததால் ஏறியதோ என்று, சற்று நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். அப்போதும் அதிகம். பொது மருத்துவரிடம் அனுப்பினோம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நான் ஓய்வு வாங்குவதற்குக் கொஞ்சம் முன்பு என்னைப் பொது மருத்துவரின் அறைக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் சேகர் வந்தார். கூடவே மலர்க்கொடி. இப்போது அவள் பேச்சாளர். வரிசையில் நிற்கும்போதே முன்னால் இருந்த கிழவரின் முட்டிவலிக்கு என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தெருப் பெண்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருவதும், அவர்களுக்காக டாக்டரிடம் பேசுவதும் இப்போது அவள்தானாம். பெருமையாகச் சொன்னாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சேகர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழுத்தத்தைப் பார்த்தேன். முன்பைவிட அதிகம். மருத்துவர் நின்றபடியே அவரைப் பார்த்துக் கேட்டார்.

"மாத்திரை தினமும் போடறீங்களா?"

ஆலை வாசலில் லாரிக்காகக் கத்தும் மனிதர் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை உங்களுக்குத் தெரியும். நீ சொல்லேன் என்ற பார்வை. மலர்க்கொடி மூச்சை இழுத்துக்கொண்டு, "அவரு இன்னா பண்றாருனா டாக்டர்..." என்று ஆரம்பித்தாள்.

நான் அவளைப் பார்த்தேன். கையில் இருந்த பட்டையையும் லேசாகத் தூக்கிக் காட்டினேன்.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது. முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா, பேச்சை அடக்கவா என்று தெரியவில்லை. மருத்துவர் காத்திருந்தார். வெளியே அடுத்த டோக்கன்காரர் கதவைத் தள்ளிப் பார்த்தார். நான் மூடினேன். யாரும் சேகருக்காகப் பேசவில்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது வந்துங்க டாக்டர்... போடறதில்லீங்க. போட்டா குடிச்சவன் மாதிரி தள்ளாடுது. அதச் சொன்னா சிரிப்பாங்களோனு சொல்லலீங்க."

மருத்துவர் ஸ்டூலை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.